உன் மாமனார் வாங்கிக் கொடுத்த டிவி

தம்பி,

போன சனிக்கிழமை கிள்ளானில், பேரங்காடியின் இரண்டாவது மாடியில் இருக்கும் மின்சாதனக் கடையில், உன் அப்பன் ஒரு காந்தத்தோடு பிடிபட்டான். நம் வீட்டு ஐஸ்பெட்டிக் கதவில் டுரியான் பழம் மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமே, உன் அம்மா மலாக்காவில் வாங்கியது, அந்தக் காந்தம்தான். டிவி கேபிள் முனைகளில் 'தங்க முலாம்' என்று அச்சடித்து விற்கிறார்களே, அது தங்கமா தகரமா என்று கண்டுபிடிக்க அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். பாக்கெட்டின் ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துக் காந்தத்தைக் கிட்டக் கொண்டு போனேன். அது கேபிளை விட்டுவிட்டு, கேபிள்கள் தொங்கிய இரும்புக் கம்பியைப் போய்க் கவ்விக்கொண்டது. இழுத்தேன். கம்பி கழன்று, அதில் தொங்கிய அத்தனை பாக்கெட்டும் என் காலில் கொட்டின. கடைப் பெண் ஓடி வந்தாள். தமிழ்ப் பெண்தான், இருபது வயது இருக்கும்.

"அங்கிள், ஓகேவா? அடி கிடி பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்லம்மா. அதுவா விழுந்துருச்சு."

அவள் கம்பியைப் பார்த்தாள். அதன் நுனியில் டுரியான் தொங்கிக்கொண்டிருந்தது. "ஃப்ரிட்ஜ் மேக்னட் எல்லாம் கீழ்மாடில லா அங்கிள், இங்க இல்ல" என்றாள். அது என்னுடையது என்றேன். "வீட்டுலேந்து கொண்டாந்தீங்களா? எதுக்கு?" என்றாள். அறுபத்து மூன்று வயதில் நான் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து எல்லாவற்றையும் பொறுக்கி மாட்டினேன். கை சும்மா இருக்கவில்லை, ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர், மூன்று மீட்டர் என்று அளவு வாரியாக அடுக்கிவிட்டேன். "அங்கிள், இங்க வேல வேணுமா? மேனேஜர்கிட்ட சொல்லட்டா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். காது மட்டும் சுட்டது.

அந்தக் கடைக்கு நான் போனது உன்னால். வியாழக்கிழமை நீ போன் பண்ணினாய். அடுத்த மாதம் ஷா ஆலத்தில் உங்கள் வீட்டில் தேவிகாவுக்கு வளைகாப்பு, இரண்டு பக்கத்துச் சொந்தமும் வருவார்கள், கல்யாண டிஸ்க்கைப் பெரிய டிவியில் போட்டுக் காட்ட வேண்டும் என்று அவள் ஆசைப்படுகிறாள், எந்த டிஸ்க் பிளேயர் வாங்கலாம், எந்தக் கேபிள் வாங்கலாம், நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் அப்பா என்றாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில் படிப்பை விட்டவனிடம் எஞ்சினியர் மகன் யோசனை கேட்கிறான். அதோடு நிறுத்தியிருக்கலாம் நீ. சிரித்துக்கொண்டே சொன்னாய்: "தேவி அவங்க அப்பாகிட்ட கேக்கலாம்னா. நான்தான் வேணாம்னேன். அவரு டிவி வாங்குன லட்சணம் நமக்குத் தெரியும்தானே?" உன் பின்னால் ஒரு பாத்திரத்தை யாரோ மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. தேவிகாவாகத்தான் இருக்கும், மெதுவாக வைத்தாள்.

அதனால் இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயம் இருக்கிறது. ஒன்று நீ கேட்டது. மற்றது உன் மாமனாரின் பெயர். இரண்டு வருடமாக அவரை நீ ஓட்டை டிவியை மகளுக்குச் சீராகக் கொடுத்த ஆள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்த நினைப்பை உனக்குக் கொடுத்தவன் நான். வளைகாப்பு அன்று அவர் தட்டு ஏந்தி உன் வாசலுக்கு வருவதற்குள் அதை நான் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். பிளேயர் வாங்கும்போது பெட்டியின் முன்பக்கம் மின்னும் எழுத்துகளைப் பார்க்காதே, பின்பக்கத்தைப் பார். உங்கள் கல்யாண டிஸ்க் ப்ளூரே. வீடியோ எடுத்தவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார். சாதாரண டிவிடி பெட்டி அதைத் தொடாது. ஆகவே ப்ளூரே பெட்டிதான் வாங்க வேண்டும், அது டிவிடியையும் ஓட்டும். ஆனால் நம் வீட்டில் இருக்கும் பழைய விசிடிகளை எல்லாப் பெட்டியும் ஓட்டாது. உன் காதுகுத்து விசிடி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய்க் கடையிலேயே போட்டுப் பார். போட்டுக் காட்ட மாட்டேன் என்கிற கடையில் வாங்காதே. இந்தியாவில் வாங்கிய படத் தட்டுகள் சில இங்கே ஓடாது. உலகத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கிறார்கள், பெட்டியும் தட்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இது முழு மோசடி என்றுதான் நான் இன்னமும் நினைக்கிறேன், ஆனால் உண்மை. தேவிகாவின் பரதநாட்டியத் தட்டுகள் சென்னையில் வாங்கியவை என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

கேபிள் விஷயம் அதைவிடச் சின்னது. எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று போதும், படமும் சத்தமும் அதிலேயே போகும். பிளேயர் டிவிக்குக் கீழேதான் இருக்கப் போகிறது, ஒன்றரை மீட்டர் தாராளம். மலிவு கேபிளுக்கும், வெல்வெட் பெட்டியில் படுக்க வைத்திருக்கும் கேபிளுக்கும் அந்தத் தூரத்தில் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம் கிடையாது. அந்தக் கடைப் பெண்ணே, நான் அடுக்கிக் கொடுத்த நன்றிக்கோ என்னவோ, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "சின்ன ஒயர்தானே அங்கிள். நல்லா வரும், இல்லாட்டி வரவே வராது. நடுவுல ஒண்ணும் இல்ல." நான் அவளையும் சந்தேகப்பட்டேன். விலை குறைந்ததை வாங்கச் சொல்கிறாளே, அந்த விலை உயர்ந்த சரக்கில் ஏதோ ஓட்டை இருக்கும் போல என்று. அப்புறம் டிவியில் எந்தத் துளையில் சொருகினாயோ அந்த எண்ணை ரிமோட்டில் தேர்ந்தெடு. பிளேயரின் செட்டிங்கில் போய்ப் படத்தின் தெளிவு தாழ்வாக வைக்கப்பட்டிருக்கிறதா என்று பார். இவ்வளவுதான் டிஸ்க் பிளேயர் சாஸ்திரம்.

ஒன்றை மட்டும் செய்யாதே. பெட்டிக்குள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று தலை வைத்த கேபிள் இலவசமாகக் கிடந்தால் அதைத் தொடாதே. ஏன் என்று சொல்லத்தான் மீதிக் கடிதம்.

என்னை உனக்குத் தெரியும். மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஸ்டோர்கீப்பர். லோரி வந்து நின்றால் ஓட்டுநர் காட்டும் தாளை நம்பாமல் நானே ஏறி எண்ணுவேன். சம்பளம் வாங்கியது சந்தேகப்படுவதற்காக. சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேனே தவிர, அந்தக் கண்ணை மாற்றிக்கொண்டு வரவில்லை. தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர்கள் உண்டு, நான் தட்டிவிட்டு விற்பவன் முகத்தையும் பார்ப்பேன். உன் அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வாள்: "இவரு கோயில்ல விபூதி குடுத்தாலே அளவு சரியா இருக்கான்னு பாப்பாரு." எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

நீ சிரிக்காத ஒரு சம்பவம் உண்டு. மூன்றாம் படிவத்தில் கணக்கில் நீ முதல் தரம் வாங்கி வந்தாய். நான் தாளை வாங்கிப் பார்த்தேன், உன்னைப் பார்த்தேன், மறுநாள் காலை வேலைக்கு அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு உன் பள்ளிக்கூடம் போனேன். ஆசிரியரிடம், இவன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருந்தது என்று கேட்டேன். "ஐயா, இவன் பக்கத்துல உக்காந்தவன் ஃபெயிலு. போதுமா?" என்றார். நீ ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை, சனிக்கிழமை உனக்கு ஒரு பூப்பந்து மட்டை வாங்கிக் கொடுத்தேன். கடையில் அதன் நரம்பை இழுத்து இழுத்துப் பார்த்ததில் கடைக்காரர் மட்டையைப் பிடுங்கிக்கொண்டார் என்பது வேறு கதை.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். உன் மாமனார் சீராகப் பெரிய டிவி ஒன்று தருவதாகச் சொன்னார். நான் கேட்கவில்லை. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே மகள், ஆசையாகச் செய்தார். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பிரிக்பீல்ட்ஸ் கடை ஒன்றிலிருந்து டிவி நம் கிள்ளான் வீட்டுக்கு வந்து இறங்கியது. நான் முதல் வேலையாகப் பெட்டியின் மூலையில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தேன். ஒரு மூலையில் இரண்டு டேப் இருந்தது. யாரோ ஒருமுறை திறந்து மூடிய பெட்டி என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். டிவியைப் போட்டுப் பார்ப்பதற்கு முன்பே அது பழைய சரக்கு என்று என் மனதில் பதிவாகிவிட்டது, தம்பி. மற்றதெல்லாம் அந்த டேப்பிலிருந்து வந்ததுதான்.

பையன் வீட்டார் சும்மா இருக்கக் கூடாது என்று நான் ஒரு ப்ளூரே பிளேயர் வாங்கினேன். கடைக்காரப் பையன், "கேபிள் தனியா வாங்கணும் பாஸ், பெட்டில வர்ற கேபிள் இந்த மாதிரி டிவிக்குச் சரி வராது" என்றான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பெட்டிக்குள் கேபிளை வைத்துவிட்டு அதே கேபிள் சரி வராது என்று சொல்லி இன்னொன்றை விற்கிறான், யாரிடம் இந்த வேலை? வேண்டாம் என்று வந்துவிட்டேன். பெட்டியில் கிடந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கேபிளைச் சொருகினேன். நிறத்துக்கு நிறம் துளையும் பொருந்தியது. பொருந்துகிற ஒயரைச் சந்தேகப்பட என்ன இருக்கிறது? உலகத்தில் நான் சந்தேகப்படாமல் விட்ட ஒரே பொருள் அது.

கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு இரண்டு பக்கத்தாரும் நம் வீட்டில் கூடியிருந்தார்கள். வீடியோக்காரர் மாதிரிக்கு ஒரு டிஸ்க் கொடுத்திருந்தார். போட்டேன். படம் வந்தது, ஆனால் யாரோ தயிர் பூசிய மாதிரி வந்தது. தாலி கட்டும் இடத்தில் உன் முகம் எது, ஐயர் முகம் எது என்று தெரியவில்லை. தேவிகாவின் சிவப்புப் புடவை அவள் கழுத்து வரைக்கும் வழிந்து ஓடியது. சரி, டிஸ்க்கில் கோளாறு என்று வழக்கமாகப் பார்க்கும் சேனலுக்கு மாற்றினேன், டிக்கோடர் பெட்டி வழியாக வருவது. அதுவும் மங்கல். இரண்டு வேறு வேறு பெட்டி, இரண்டும் மங்கல் என்றால் குற்றவாளி டிவிதானே? ஸ்டோர்கீப்பர் கணக்கு அப்படித்தான் போடும். அந்த டிக்கோடரும் வருடக்கணக்காக அதே மஞ்சள் தலைக் கேபிளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்பது எனக்கு உறைக்கவில்லை. அந்த மஞ்சள் ஒயர் பழைய காலத்துக் குண்டு டிவிக்குச் செய்தது. டிவி எவ்வளவு பெரியதாக இருந்தாலும், பிளேயர் எவ்வளவு புதியதாக இருந்தாலும், அதன் வழியே பழைய காலத்துப் படம்தான் வரும். திரை பெரிதாகப் பெரிதாக இன்னும் அசிங்கமாகத் தெரியும்.

அவ்வளவு பேர் நடுவில் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். "என்ன சம்பந்தி, டிவிய கண்ணாடி போட்டுப் பாத்து வாங்குனீங்களா, இல்ல கண்ண மூடிட்டு வாங்குனீங்களா?" உன் சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தான். நான் நிறுத்தவில்லை. "பெட்டிய பாத்தப்பவே தெரியும். ரெண்டு டேப்பு. கட செகண்ட் ஹேண்ட் சரக்க உங்க தலையில கட்டிட்டான்." உன் மாமனார் எழுந்து நின்றார். அந்த மனிதர் சண்டைக்கு நிற்கிற ஆள் இல்லை. "தப்பு எங்க மேலதான் சம்பந்தி. நான் பாத்துக்கறேன்" என்றார். பெண்ணைப் பெற்றவர் அப்படித்தான் சொல்ல வேண்டும், பையனைப் பெற்றவன் அப்படித்தான் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று நம்மவர்கள் பழக்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பழக்கம் எனக்கு அன்று நல்ல மெத்தையாக இருந்தது. தேவிகா சமையலறை வாசலில் பாயசக் கிண்ணத்தோடு நின்றாள். நம் வீட்டுக்கு வந்து மூன்றாவது நாள்.

நாலு நாள் கழித்து உன் மாமனார் போன் பண்ணினார். வேறு டிவி வாங்கிவிட்டேன், சனிக்கிழமை மத்தியானம் லோரியில் கொண்டு வருகிறேன், பழையதை எடுத்துக்கொள்கிறேன் என்றார். சரி என்றேன். நன்றி கூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலையில் நீங்கள் இருவரும் கேமரன் மலையில் இருந்தீர்கள். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு ரஸாலி ஏணி கேட்டு வந்தார். டிவியில் கல்யாண டிஸ்க் மங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. பார்த்தார், கிட்டப் போனார், பின்னால் எட்டிப் பார்த்தார், சிரிக்க ஆரம்பித்தார். "அபாங், இனி கேபள் லாமா லா!" அண்ணே, இது பழைய கேபிள் என்கிறார். ஏணியை அங்கேயே சாய்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஒரு கறுப்புக் கேபிள் கொண்டு வந்தார். பிளேயரில் ஒரு தலை, டிவியில் ஒரு தலை. ரிமோட்டை இரண்டு அழுத்து. தம்பி, நான் அப்படி ஒரு படத்தைப் பார்த்ததே இல்லை. நீ தாலி கட்டும்போது உன் நெற்றியில் வியர்வை உருண்டு வருவது தெரிந்தது. தேவிகாவின் கையில் மருதாணிக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் உன் மாமனார் கைக்குட்டையால் கண்ணைத் துடைப்பது தெரிந்தது. முந்தின வாரம் அந்த இடத்தில் ஒரு சாம்பல் பூச்சுதான் இருந்தது. "சிம்பான் லா, அபாங்", நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே என்று கேபிளை எனக்கே கொடுத்துவிட்டு ரஸாலி ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அப்போது மணி பத்து.

உன் மாமனாருக்குப் போன் போட்டேன். போட்டேன் என்பது உண்மை, அதற்கு மேல் பெருமைப்பட ஒன்றும் இல்லை. "இதோ லோரில ஏத்திக்கிட்டு இருக்கோம் சம்பந்தி. அப்புறம் ஃபெடரல் நெடுஞ்சாலைல ஜேம் எப்படின்னு தெரியல. மத்தியானத்துக்குள்ள வந்துருவேன். நீங்க சாப்பாட்டுக்குக் காத்திருக்காதீங்க" என்றார். பின்னால் யாரோ "மெதுவா, மெதுவா, கண்ணாடி!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வேண்டாம், இறக்குங்கள் என்று ஒரு வார்த்தை போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாத்து வாங்க" என்றேன்.

வைத்துவிட்டு யோசித்தேன். அவ்வளவு பேர் முன்னால் பேசிய பேச்சு. உன் சித்தப்பா அதைச் செலாயாங் சந்தை வரைக்கும் கொண்டு போய்ச் சொல்லியாகிவிட்டது. ஒரு கேபிள் சொருகத் தெரியாதவன் என்று அது இப்போது என் பக்கம் திரும்பும். அப்புறம் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடமும் இல்லை. ரஸாலியின் கறுப்புக் கேபிளைப் பிடுங்கினேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளையை மறுபடி சொருகினேன். படம் பழையபடி தயிர் பூசிக்கொண்டது. அதை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன், உன் மாமனார் வந்து தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று.

வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. திரையைப் பார்த்தார். "ஆமா சம்பந்தி, நீங்க சொன்னது சரிதான். மன்னிச்சிருங்க" என்றார். இரண்டு ஆட்கள் புது டிவியை மாட்டினார்கள். அதற்கு மட்டும் கறுப்புக் கேபிளை என் கையாலேயே சொருகினேன். படம் பளிச்சென்று வந்ததும், "இதுதான் டிவி!" என்று சொன்னேன், தம்பி. லோரிக்காரன் கூடத் தலையாட்டினான். நீங்கள் மலையிலிருந்து வந்ததும் அந்தக் கதையை உனக்கு எத்தனை தரம் சொன்னேன், எப்படி நடித்துக் காட்டினேன் என்பது எனக்கே நினைக்கக் கூசுகிறது. இன்று உங்கள் ஷா ஆலம் வீட்டில் இருப்பது அந்த இரண்டாவது டிவிதான். நான் வாங்கிய பிளேயர் போன வருடமே பழுதாகிவிட்டது. ரஸாலி பிறகு குவாந்தானுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். பெருநாளுக்குப் பெருநாள் போனில் வாழ்த்துச் சொல்வார், ஒவ்வொரு தடவையும் கேபிளைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ என்று நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவேன். ஊரையே சந்தேகப்பட்டவன் கடைசியில் ஒரு நல்ல மனிதரின் பெருநாள் வாழ்த்துக்குப் பயப்படுகிறேன்.

இத்தனையும் என்னோடு கிடந்து போகும் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை போனில் நீ பேசியது என் குரல். அந்த 'லட்சணம்' என்ற வார்த்தையை நான் இழுக்கும் அதே இழுப்பு. என் மூக்கு உனக்கு வந்ததற்கு நான் பொறுப்பில்லை, இதற்குப் பொறுப்பு. எஞ்சினியர் ஒருவன் டிவிக்குப் பின்னால் இருந்த ஒயரை ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். நீ பார்க்கவில்லை, ஏனென்றால் அப்பா பார்த்தாகிவிட்டது. தேவிகா இரண்டு வருடமாக இதற்குப் பதில் சொல்லாமல் இருக்கிறாள். அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்காதே. தன் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை என்று அவளுக்குத் தெரியும், நிரூபிக்கத்தான் வழி தெரியாது. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அவளிடம் கொடு. மடித்து வைக்காதே, அன்றைக்கே கொடு. என்னைப் பற்றி அவள் என்ன நினைத்தாலும் அது எனக்குச் சேர வேண்டியதுதான். அவளிடம் நீ கேட்க வேண்டியது உனக்கே தெரியும். பூப்பந்து மட்டை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதே.

சனிக்கிழமை கடையில் அசிங்கப்பட்ட சூட்டோடு, ஞாயிற்றுக்கிழமை காலை ரயில் பிடித்து நான் பிரிக்பீல்ட்ஸ் போனேன். ஒரு பெட்டி இனிப்பு வாங்கிக்கொண்டேன். வாயால் சொல்லிவிடுவது, அப்புறம் உனக்கு எழுதுவது என்று திட்டம். கதவைத் திறந்ததும் உன் மாமனாருக்கு அவ்வளவு சந்தோஷம். "சொல்லியிருந்தா ஸ்டேஷனுக்கே வந்திருப்பேனே சம்பந்தி!" ஹாலில் உட்கார்ந்தேன். எதிரே அந்த டிவி. முதல் டிவி. கால்பந்து ஓடிக்கொண்டிருந்தது, புல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"அந்த டிவிதான் சம்பந்தி. திருப்பிக் குடுக்கலாம்னு கடைக்குக் கொண்டு போனேன். போட்டுப் பாத்துட்டு ஒரு கோளாறும் இல்ல, எடுக்க மாட்டேன்னுட்டான். சரின்னு நம்ம வீட்டுலயே வச்சிக்கிட்டேன். இங்க வந்து பாருங்க, நல்லாவே ஓடுது. கிள்ளான்ல கரண்ட் ஒரு மாதிரியோ என்னமோ."

தம்பி, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் ஒரே கரண்ட்தான். ரயில்வேயில் வேலை பார்த்த மனிதருக்கு அது தெரியாதா? அவர் முகத்தையே பார்த்தேன். விற்பவன் முகத்தைப் பார்த்துப் பழகிய கண் இது, ஆனால் அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. தெரிந்துதான் எனக்கு வழி விடுகிறாரா, தெரியாமல்தான் பேசுகிறாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பந்தியம்மா தேநீர் கொண்டு வந்து வைத்தார். "மாப்பிள்ளை இங்க வந்தா இந்த டிவி பக்கமே திரும்ப மாட்டேங்கறாரு. போன் நோண்டிக்கிட்டு உக்காந்துருவாரு" என்றார். "சும்மா இரு" என்று உன் மாமனார் அவரை அடக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவருக்கு எம்மேல ஏதோ மனத்தாங்கல் சம்பந்தி. வளைகாப்புக்கு நான் கொஞ்சம் லேட்டா வந்துட்டுச் சீக்கிரம் கிளம்பிரலாம்னு இருக்கேன். வீட்டுல நாலு பேர் இருக்கும்போது அவருக்கும் சங்கடம், தேவிக்கும் சங்கடம்" என்றார். தன் மகளின் வளைகாப்பைப் பற்றி ஒரு அப்பா என்னிடம் இப்படிச் சொல்கிறார். நான் தேநீர் நன்றாக இருக்கிறது என்றேன். கால்பந்து பற்றிப் பேசினேன். மழை பற்றிப் பேசினேன். இனிப்புக் கடையில் எடை குறைத்துவிட்டான் என்று கூடப் பேசினேன்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார். நான் குனிந்து செருப்பை மாட்டுகிற சாக்கில் நேரம் கடத்தினேன். அவர் அவசரப்படுத்தாமல் நின்றார். "ஏதோ சொல்ல வந்த மாதிரி இருக்கீங்களே சம்பந்தி?" என்றார்.

"ஒண்ணும் இல்ல, ரயிலுக்கு நேரமாச்சு" என்றேன்.

நான் சொல்லாமல் வந்தது இதுதான், தம்பி: "உங்க டிவில ஒரு குறையும் இல்ல, சம்பந்தி. நீங்க லோரி எடுத்துட்டு வந்த அன்னிக்குக் காலையிலயே எனக்குத் தெரியும்."